கவிழ்ந்தால் தலைக்கு எவ்வளவு இடம்? ரோல் பார் கேள்வி பதில்கள்

திறந்த கூரை ஸ்போர்ட்ஸ் கார்களில் ரோல் பார் போடுவது பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். கார் தலைகீழாகக் கவிழ்ந்தால், உள்ளே இருப்பவரின் தலைக்குப் பதிலாகத் தரையைத் தாங்குவதற்காக சீட்டுக்குப் பின்னால் நிறுத்தும் எஃகு வளையம்தான் அது. அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் பாதிப் பேர் பாரை வாங்கியே விட்டார்கள், இனிமேல்தான் அளக்கப் போகிறார்கள் என்று தெரிகிறது. அதனால் இந்த மாதம் முழுக்க அதே விஷயம். நான் கோவை கணபதியில் வெல்டிங் பழகி, இப்போது இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பக்கம் பட்டறை வைத்திருப்பவன். என் கைக்கு அதிகம் வருவது மாஸ்டா எம்எக்ஸ்-5தான், கடிதங்களில் அதிகம் வந்ததும் அதுவே.

என்னிடம் 1999ஆம் ஆண்டு எம்எக்ஸ்-5 இருக்கிறது. கோடையில் பிராண்ட்ஸ் ஹாட்ச் டிராக்கில் ஒருநாள் ஓட்டிப் பார்க்க ஆசை. திறந்த காருக்கு ரோல் பார் வேண்டும் என்கிறார்கள். இணையத்தில் பளபளவென்று இரட்டை வளைய ஸ்டெயின்லெஸ் பார் மலிவாகக் கிடைக்கிறது. அது போதுமா?
– வாசகர், ஹாரோ, லண்டன்

போதாது தம்பி. நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது அலங்கார பார். விற்பவர்களே அதை ‘ஸ்டைல் பார்’ என்று போட்டிருக்கிறார்கள், கவனித்தீர்களா? அழகுக்கு வாங்கினால் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. ஆனால் அதை நம்பி டிராக்கில் இறங்காதீர்கள்.

அந்தப் படத்தை வைத்தே சொல்கிறேன். இரண்டு வளையங்களுக்கும் பின்னால் சாய்ந்து இறங்கும் தாங்கிக் குழாய்கள் இல்லை. கார் முன்னோக்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே கவிழும், கவிழ்ந்த பிறகும் வழுக்கிக்கொண்டு போகும். அப்போது வளையத்தின் உச்சியைத் தரை பின்பக்கமாக இழுக்கும். பின்தாங்கி இல்லாத வளையம் அந்த இழுப்பில் அடியோடு மடங்கிவிடும். அடுத்தது, குறுக்கே மூலைக்கு மூலை போகும் டயகனல் குழாய் இல்லை. பக்கவாட்டில் அடி விழுந்தால் வளையம் ஒருபக்கமாகச் சாய்ந்து போகாமல் பிடிப்பது அந்தக் குழாய்தான். மூன்றாவது, கால்கள். உள்ளங்கையைவிடச் சின்னத் தகடு, காலுக்கு இரண்டு போல்ட். மெல்லிசான தகரத் தரையை அது கிழித்துக்கொண்டு இறங்கத்தான் செய்யும்.

அப்படியானால் எது சரியான பார்? பந்தயக் கார்களுக்கு எஃப்ஐஏ (உலக மோட்டார் பந்தய அமைப்பு) வைத்திருக்கும் விதியை ஓர் அளவுகோலாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிரதான வளையம் கலப்பில்லாத கார்பன் எஃகில், குளிர்நிலையில் இழுத்த, தையல் இல்லாத (நெடுக ஒட்டு இல்லாத) குழாயாக இருக்க வேண்டும். இழுவலிமை ஒரு சதுர மி.மீ.க்குக் குறைந்தது 350 நியூட்டன். குழாயின் அளவு 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. சுவர்த் தடிமனும், அல்லது 50 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. தடிமனும். மற்றக் குழாய்களுக்கு 38க்கு 2.5, இல்லையென்றால் 40க்கு 2. அந்தப் பிரதான வளையத்தின் ஒவ்வொரு காலுக்கும் குறைந்தது மூன்று எம்8 (8 மி.மீ.) போல்ட், 8.8 என்ற வலிமைத் தரத்தில். காலுக்கு நேரே பாடியில் 3 மி.மீ. தடிமனில், 120 சதுர செ.மீ.க்குக் குறையாத வலுவூட்டும் தகடு. பின்தாங்கிகள் செங்குத்திலிருந்து குறைந்தது 30 டிகிரி சாய வேண்டும்.

அமெரிக்காவில் எம்எக்ஸ்-5க்கென்றே செய்யும் பல பார்கள் 1.75 அங்குல விட்டம், 0.12 அங்குலத் தடிமன். அதாவது ஏறக்குறைய 44.5க்கு 3 மி.மீ. அதுவும் நல்ல குழாய்தான். விட்டத்தைப் பார்த்து மட்டும் ஏமாறாதீர்கள். வெளியே 50 மி.மீ. தெரியும், சுவர் ஒன்றரை மி.மீ.தான் இருக்கும். நல்ல தயாரிப்பாளர் தடிமனையும் எஃகின் தரத்தையும் கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவார். பந்தயத்துக்குச் செய்த பல பார்களில் அளந்து பார்ப்பதற்கென்றே ஒரு சின்னத் துளை இருக்கும். கேட்டும் பதில் வரவில்லை என்றால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அடுத்த கடிதம் அதைப் பற்றித்தான்.

நல்ல கம்பெனி ரோல் பார்தான் போட்டேன். டிராக்கில் பரிசோதித்தவர் ஒரு நீளக் கட்டையை வைத்துப் பார்த்துவிட்டு, என் ஹெல்மெட் மேலே இடிக்கிறது என்று அனுமதி மறுத்தார். உயரம் 185 செ.மீ. இனி என்ன செய்வது?
– வாசகர், மிசிசாகா, கனடா

உங்களுக்கு வருத்தமாக இருக்கும், தெரிகிறது. ஆனால் அவர் செய்தது சரி. அந்த நீளக் கட்டைதான் இந்த விஷயத்தில் மிக முக்கியமான கருவி. துடைப்பக் குச்சிகூடப் போதும். முன் கண்ணாடிச் சட்டத்தின் உச்சியிலிருந்து ரோல் பாரின் உச்சிக்கு ஒரு நேர்கோடு போடுங்கள். கவிழ்ந்த கார் அந்த இரண்டு புள்ளிகளில்தான் தரையில் உட்காரும். கோட்டுக்குக் கீழே இருப்பது உங்களுக்கான இடம், மேலே இருப்பது தரை. ஹெல்மெட் போட்ட தலை கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், தொட்டுக்கொண்டிருந்தால் போதாது. இரண்டு அங்குலம், அதாவது 5 செ.மீ., இடைவெளி வேண்டும் என்பது நான் விடாப்பிடியாகக் கேட்பது. கார் கவிழ்ந்து தொங்கும்போது பெல்ட் இழுபடும், சீட்டின் ஸ்பாஞ்ச் விரியும், உடம்பு கூரைப் பக்கம் இறங்கும். அந்த 5 செ.மீ. அப்போது கரைந்துவிடும். கண்ணாடிச் சட்டமும் ரோல் பாரைப் போல வலுவானதில்லை, கொஞ்சம் அமுங்கும்.

எம்எக்ஸ்-5 சின்னக் கார், உங்கள் உயரத்துக்காரர்கள் எல்லாருக்கும் அதில் இந்தத் தொல்லை உண்டு. முதலில் சீட்டைக் கழற்றி உறையைத் திறந்து, உட்காரும் இடத்து ஸ்பாஞ்சைக் கொஞ்சம் வெட்டி எடுக்கலாம். காசு செலவில்லாமல் இரண்டு மூன்று செ.மீ. கிடைக்கும். ஆனால் கீழே இருக்கும் இரும்புச் சட்டம் தொடையில் உறுத்துகிற அளவுக்கு வெட்டாதீர்கள். அது போதவில்லை என்றால் உடம்பைச் சுற்றிப் பிடிக்கும், தரையோடு ஒட்டிப் பொருத்தும் பக்கெட் சீட். என் அனுபவத்தில் உயரமானவர்களுக்கு உண்மையான தீர்வு இதுதான். சீட்டின் சாய்மானத்தைக் கூட்டித் தலையைக் கீழே கொண்டுவருவதும் உண்டு, ஆனால் ஸ்டியரிங் எட்டாத அளவுக்குச் சாய்ந்துகொண்டு ஓட்டுவது வேறு ஆபத்து. கடைசி வழி, இன்னும் உயரமான பார். சில தயாரிப்பாளர்கள் ஒரே காருக்கு இரண்டு உயரங்களில் செய்கிறார்கள். உயரமானது போட்டால் சாஃப்ட் டாப் (மடிக்கும் துணிக் கூரை) மூடுமா என்பதைத் தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்னும் வாங்காதவர்களுக்கு: பாரின் உயரத்தைத் தயாரிப்பாளரிடம் கேட்டு, அதே உயரத்துக்கு ஒரு மரச்சட்டத்தை அதே இடத்தில் நிறுத்தி, ஹெல்மெட்டோடு உட்கார்ந்து, வேறொருவரைக் கட்டை பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். அரை மணி நேர வேலை. சீட்டை நீங்கள் ஓட்டும் நிலையில் வைத்துப் பாருங்கள், சோதனைக்காக முன்னே பின்னே தள்ள வேண்டாம்.

வீட்டுக் கராஜிலேயே நானும் நண்பனும் சேர்ந்து பொருத்தலாமா? எங்களிடம் டிரில்லும் டார்க் ரெஞ்சும் இருக்கின்றன. காரின் வயது இருபதுக்கு மேல்.
– வாசகர், பர்மிங்ஹாம்

போல்ட்டில் பொருத்தும் பார் என்றால் தாராளமாகச் செய்யலாம், ஒரு சனி ஞாயிறு முழுதாக ஒதுக்குங்கள். வெல்டிங் செய்யும் பார் என்றால் வேண்டாம், அதைத் தொழிலாகச் செய்பவரிடம் விடுங்கள்.

டிரில்லை எடுப்பதற்கு முன்னால் காரைப் பாருங்கள். பழைய எம்எக்ஸ்-5இன் நோய் துரு. சாஃப்ட் டாப்பில் விழும் மழைநீர், சீட்டுக்குப் பின்னால் இரு மூலைகளிலும் உள்ள வடிகால் துளை வழியாகக் கீழே இறங்க வேண்டும். அதில் இலையும் மண்ணும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே தேங்கி, பின்சக்கர வளைவும் பக்கச் சட்டமும் உள்ளிருந்து அரித்துப் போகும். மேலே பெயின்ட் நன்றாகவே இருக்கும். கம்பளத்தைத் தூக்கி, காரை உயர்த்தி, கால்கள் வரப்போகும் இடங்களை ஸ்க்ரூடிரைவரால் அழுத்திக் குத்திப் பாருங்கள். பிசுக்கென்று உள்ளே போனால் ரோல் பார் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். முதலில் அந்த உலோகத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்ட் செய்ய வேண்டும். எவ்வளவு விலை கொடுத்த பாராக இருந்தாலும், அது நிற்கும் தகட்டின் பலம்தான் அதன் பலம்.

சரி, உலோகம் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டிக்கியில் இருக்கும் பேட்டரியின் இணைப்பைக் கழற்றுங்கள். சீட்டுகள், சீட்டுக்குப் பின்னால் உள்ள பிளாஸ்டிக் மூடிகள், கம்பளம் எல்லாம் வெளியே வரட்டும். சாஃப்ட் டாப்பின் சட்டத்தையும் கழற்றி எடுத்துவிட்டால் கை போக இடம் கிடைக்கும். கழற்றாமலும் செய்கிறார்கள், ஆனால் பின் கண்ணாடியோ துணியோ கிழிவது அப்படிச் செய்யும்போதுதான்.

இப்போது கவனமாகப் படியுங்கள். முதல் இரண்டு தலைமுறை எம்எக்ஸ்-5களில் பெட்ரோல் டேங்க் சீட்டுகளுக்குப் பின்னால் உள்ள தட்டுக்கு நேர் கீழே இருக்கிறது. பெட்ரோல் ஊற்றும் குழாய், ஆவி போகும் குழாய், பிரேக் குழாய், வயர்கள் எல்லாம் அந்தப் பக்கமே ஓடுகின்றன. மேலிருந்து கண்ணை மூடிக்கொண்டு டிரில் போடுகிற வேலை இது இல்லை. ஒவ்வொரு துளைக்கும் கீழே என்ன இருக்கிறது என்று விளக்கடித்துப் பார்த்த பிறகுதான் அடுத்தது. டேங்கில் பெட்ரோல் குறைவாக இருந்தால் பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். காலி டேங்கில்தான் ஆவி அதிகம், அதுதான் வெடிக்கும். டிரில் பிட் தகட்டைத் தாண்டி உள்ளே பாயாமல் இருக்க, பிட்டின் மேல் ஒரு நிறுத்துவளையம் மாட்டுங்கள். கராஜ் கதவைத் திறந்து வையுங்கள், தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

பாரை உள்ளே இறக்கி, நடுவில் சமமாக உட்காரவைத்து, கால்களின் துளைகளைத் தரையில் குறியுங்கள். ஒரே ஒரு துளை போட்டு, போல்ட்டைத் தளர்வாக மாட்டி, மறுபடி சரிபார்த்து, எதிர்ப்பக்கத்தில் அடுத்தது. ஒரு காலின் எல்லாத் துளைகளையும் போட்டுவிட்டு அடுத்த காலுக்குப் போனால் நாலாவது கால் பொருந்தாது. முதலில் சின்ன பிட், பிறகு பெரிய பிட். வெட்டிய விளிம்பில் எஃகு பளிச்சென்று தெரியும். அங்கே துத்தநாக பிரைமர், அதன் மேல் பெயின்ட், காய்ந்த பிறகு போல்ட். இந்த ஒரு வேலையை அவசரத்தில் விட்டுவிட்டால் இரண்டு குளிர்காலத்தில் அந்தத் துளையிலிருந்தே துரு பரவும், இங்கே சாலையில் உப்பு போடுகிறார்கள். இரும்புத் தூள் கம்பளத்துக்குள் போகாமல் வேக்குவம் வைத்து உறிஞ்சுங்கள்.

கீழ்ப்பக்கம் பேக்கிங் தகடு, அதாவது முன்பு சொன்ன வலுவூட்டும் தகடு, கட்டாயம். கிட்டில் வரும் தகடு காரின் வளைவோடு ஒட்டி உட்காரவில்லை என்றால் அதை வளைத்துப் பொருத்துங்கள். வாஷர்களை அடுக்கி இடைவெளியை நிரப்பாதீர்கள். எல்லா போல்ட்டும் தளர்வாக மாட்டிய பிறகு, கிட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் மாற்றி மாற்றி முறுக்குங்கள். மழை படும் இடத்தில் சீலன்ட். மழைநீர் வழிந்தோடும் ரப்பர் தடுப்பு பாரின் காலுக்கு அடியில் மாட்டிக்கொள்ளாமல் பாருங்கள். மாட்டினால் வடிகால் அடைபட்டு, முதலில் சொன்ன துரு வரும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லாவற்றையும் ஒருமுறை மறுபடி முறுக்கிப் பாருங்கள்.

காரின் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். பிரிட்டனில் மாற்றத்தை மறைத்தால் பிறகு அவர்கள் பணம் தர மறுக்க முடியும்.

என் மகன் தினமும் வேலைக்குப் போகிற காரில் ரோல் பார் போட்டிருக்கிறான். அடுத்து முழுக் கேஜ், அதாவது காருக்குள் கூண்டு மாதிரி குழாய்கள், போடப் போகிறேன் என்கிறான். பின்னால் வண்டி இடித்தால் அவன் தலை அந்த இரும்பில் மோதாதா? எனக்குப் பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், லெஸ்டர்

உங்கள் பயம் நியாயமானது அக்கா. இந்த மாதம் வந்த கடிதங்களில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான்.

டிராக்கில் ஓட்டுபவர் ஹெல்மெட் போட்டிருக்கிறார், பெல்ட்டில் இறுகக் கட்டப்பட்டிருக்கிறார். சாலையில் உங்கள் மகன் வெறும் தலையோடு இருக்கிறார். பின்னாலிருந்து அடி விழும்போது சீட்டின் முதுகு பின்னால் வளையும், உடம்பும் தலையும் அதோடு போகும். பார் அந்த எட்டில் இருந்தால் தலை எஃகில் படும். சின்ன ஸ்போர்ட்ஸ் காரில் சீட்டுக்கும் பாருக்கும் நடுவே இடமே குறைவு, அதிலும் உயரமானவர்கள் சீட்டை முழுதாகப் பின்னால் தள்ளி ஓட்டுவார்கள். மகனை அவர் ஓட்டும் நிலையில் உட்காரவைத்து, தலையை எல்லாப் பக்கமும் பின்னால் சாய்க்கச் சொல்லுங்கள். ஹெட்ரெஸ்ட் அவர் தலைக்கும் பாருக்கும் நடுவே நிற்கிறதா? தலை அதைத் தாண்டிப் பாரை எட்டுகிறதா? எட்டினால் சீட்டை முன்னே நகர்த்த வேண்டும், அல்லது அந்தக் காருக்கு அந்தப் பார் வேண்டாம். உயரம் குறைந்தவர்கள் சீட்டை முன்னே இழுத்து ஓட்டுவதால் அவர்களுக்கு இந்த ஆபத்து பெரும்பாலும் குறைவு.

பாரின் மேல் பேடிங் இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் மெத்தென்ற நுரை உதவாது, விரலால் அமுக்கினால் அடியில் இரும்பு தெரியும். அடர்த்தியான, கெட்டியான பேடிங் வேண்டும். எஸ்எஃப்ஐ 45.1 அல்லது எஃப்ஐஏ 8857-2001 என்ற தரக்குறி அதில் அச்சிட்டிருக்கும். அதுவும் ஹெல்மெட் போட்ட தலையை மனதில் வைத்துச் செய்தது என்பதையும் மகனிடம் சொல்லுங்கள்.

முழுக் கேஜ் வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. பின்னால் இருக்கும் பாரைத் தலை எட்டாதபடி வைக்க முடியும். கேஜின் குழாய்கள் நெற்றிக்கு நேரே, காதுக்குப் பக்கத்தில் ஓடும். ஹெல்மெட் இல்லாமல் சாலையில் அது காப்பாற்றுவதைவிட அடிப்பதற்கே வாய்ப்பு அதிகம். பந்தயத்துக்கு மட்டுமே ஓடும் காரில் போடட்டும். தினமும் ஓட்டும் காருக்குப் போட்டுத் தரக் கேட்டு வருபவர்களை என் பட்டறையில் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

ரோல் பார் போட்டாயிற்று. பந்தயக் கார்களில் போடும் நாலு முனை ஹார்னஸ் பெல்ட் அதில் கட்டலாமா?
– வாசகர், ஈஸ்ட் ஹாம்

பாரில் அதற்கென்றே குறுக்குக் குழாய் இருந்தால் கட்டலாம். தோளிலிருந்து பின்னால் போகும் பட்டை கிடைமட்டத்துக்குக் கீழே 45 டிகிரிக்கு மேல் இறங்கக் கூடாது, 10 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. தரையில் செங்குத்தாக இழுத்துக் கட்டினால் மோதலில் அந்தப் பட்டை முதுகெலும்பையே அமுக்கும். நாலு முனை பெல்ட்டில் இன்னொரு குறை, மடிப்பட்டை வயிற்றுக்கு மேல் ஏறி, உடம்பு அடியில் வழுக்கிவிடும். தொடைகளுக்கு நடுவே பட்டை வரும் ஆறு முனை பெல்ட்டும், அதற்குத் துளையுள்ள பக்கெட் சீட்டுமாகச் சேர்த்து வாங்குங்கள். சாலையில் காரோடு வந்த மூன்று முனை பெல்ட்டையே போடுங்கள். ரோல் பார் இல்லாத திறந்த காரில் ஹார்னஸ் போடவே கூடாது. கவிழும்போது உடம்பு வளைந்து ஒதுங்க வழியில்லாமல் அது நிமிர்த்திப் பிடித்துவிடும்.

2022இல் சில்வர்ஸ்டோனில் ஃபார்முலா 1 காரின் ரோல் ஹூப்பே உடைந்து போனதே. அவர்களுக்கே அப்படியென்றால் நம்முடையது எதற்கு?
– வாசகர், சென்னை

நீங்கள் சொல்வது ஓட்டுநர் ஜோ குவான்யூவின் ஆல்ஃபா ரோமியோ கார். முதல் வளைவிலேயே கவிழ்ந்து, தலைகீழாக வழுக்கிக்கொண்டு போய், தடுப்பைத் தாண்டி வேலியில் விழுந்தது. அவர் தலைக்குப் பின்னால் இருந்த ஹூப் கத்தி போல ஒற்றைத் தண்டாக இருந்தது, தரையில் பட்டு உடைந்தது. தலையைச் சுற்றியிருந்த ஹேலோ என்ற காப்பு வளையம்தான் காப்பாற்றியது. பாரே வேண்டாம் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த 2023 பருவத்துக்கு எஃப்ஐஏ செய்த மாற்றத்தைப் பாருங்கள். ஹூப்பின் உச்சி தரையைக் குத்தாதபடி உருண்டையாக இருக்க வேண்டும் என்றும், முன்னோக்கிய விசையையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும் என்றும் விதி வந்தது. நம் கார்களுக்கு இதில் பாடம் உண்டு. முழுதாக வளைந்து, மடிப்போ நசுக்கலோ இல்லாமல் ஒரே குழாயில் செய்த வளையம் தரையில் வழுக்கும். கூரான மூலையும் மேலே துருத்திய விளக்குக் கம்பியும் குத்தி நிற்கும். பாரின் உச்சியில் விளக்கு, கேமரா எதுவும் திருகாதீர்கள்.

என்னிடம் கோவாவில் செய்த சான் ஸ்டார்ம் ஒன்று இருக்கிறது. செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் ஓட்ட ஆசை. உள்ளூர் வெல்டரிடம் ரோல் பார் செய்யச் சொல்லலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

நம்ம ஊர்க்காரர் கேட்டிருக்கிறீர்கள், அந்தக் காரை இன்னும் வைத்திருப்பதே சந்தோஷம். அதன் உடல் ஃபைபர்கிளாஸ். அதில் எத்தனை போல்ட் போட்டாலும் கவிழும்போது பிய்த்துக்கொண்டு வரும். பாரின் கால்கள் ஃபைபரைத் தாண்டிக் கீழே எஃகுச் சட்டத்தில் போய் நிற்க வேண்டும். குழாய் வளைக்க மேண்ட்ரல் பெண்டர் (உள்ளே தண்டு கொடுத்து, குழாய் நசுங்காமல் வளைக்கும் கருவி) உள்ள பட்டறையாகப் பாருங்கள். மணல் அடைத்துச் சூடேற்றி வளைத்தால் சுவர் மெலிந்து, உள்வளைவில் சுருக்கம் விழும். தண்ணீர்க் குழாய், மேசை நாற்காலிக்கு வரும் குழாய் வேண்டவே வேண்டாம். தையல் இல்லாத குழாய் கோவையிலேயே கிடைக்கும், சான்றிதழோடு கேட்டு வாங்குங்கள். வெல்டிங் குழாயைச் சுற்றி முழு வட்டமாக வர வேண்டும், கை எட்டாத பின்பக்கத்தை விட்டுவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு.

செய்வதற்கு முன்னால் நீங்கள் ஓட்டப் போகும் நிகழ்ச்சியின் விதிகளை வாங்கிப் படியுங்கள், போட்டி என்றால் இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐயின் விதிகள். சாலையில் ஓட்டுவது வேறு கதை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலிருந்து மாறுபடும் மாற்றங்களைத் தடுக்கிறது. ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்காமல் சாலைக் காரில் வெல்ட் வைக்காதீர்கள்.

பார் எவ்வளவு எடை? வண்டி மந்தமாகிவிடாதா?
– வாசகர், ஓஸ்லோ

எம்எக்ஸ்-5 அளவுள்ள காருக்குச் சுமார் 15 முதல் 20 கிலோ. 45க்கு 2.5 குழாய் மீட்டருக்கு 2.6 கிலோ வரும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஓட்டும்போது தெரியாது.

கவிழ்ந்த காரிலிருந்து எடுத்த ரோல் பார் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வளையவே இல்லை என்கிறார்கள்.
– வாசகர், பாரிஸ்

வாங்காதீர்கள். ஒருமுறை தாங்கிய எஃகில் வெல்டிங் ஓரத்தில் மயிரிழை விரிசல் இருக்கலாம், பெயின்ட்டுக்கு அடியில் அது கண்ணுக்குத் தெரியாது.